தோளில் இல்லாத வலி

பரிசோதனைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள்.

தடையில்லாமல் முழுதாக மேலே போனது.

முதுகுப் பக்கம் மடக்கினாள். அதுவும் போனது. தோள் முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

அவளுக்குச் சந்தேகம் வந்தது.

நீலச் சீருடை. காவலாளியாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலையாம். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. தண்ணீர் தெளித்து அனுப்பியிருப்பார்கள்.

"எப்பத்தானுங்க வலிக்கும்?"

"படி ஏறுனா வலிக்குதுங் அம்மிணி. செத்த நின்னா உட்டுப்போகுதுங்."

படி ஏறினால் தோள் வலிக்குமா? கையாலா ஏறுகிறார்? சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வசனத்தைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

எட்வின் சாரின் வேலைதான். எலும்பு மூட்டுப் பிசியோதெரபியில் சிறப்புப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அவர் நாள் சொல்லித் தேர்வு வைப்பதில்லை. நன்றாக இருக்கும் ஆளை நோயாளியாக அனுப்புவார். கட்டிலைச் சுற்றிய திரைக்கு அப்பால் நின்று கேட்பார்.

போன வாரம் கேன்டீன் மாஸ்டர் நொண்டிக்கொண்டு வந்தார். இல்லாத வலிக்கு அவள் உருகி உருகி வைத்தியம் பார்த்தாள். இப்போது டீக்குப் போய் நின்றால், "முட்டி நோவுக்கு மருந்திருக்குதுங்களா டாக்டரம்மா?" என்கிறார். வரிசையே சிரிக்கிறது.

இன்னொரு முறை ஏமாந்தால் பயிற்சியை விட்டுப் போய்விடலாம் என்று சார் சொல்லியிருந்தார்.

குனிந்து பார்த்தாள்.

திரைக்குக் கீழே ஒரு ஜோடி கறுப்பு ஷூ. முனை உள்பக்கம் பார்த்திருந்தது.

சார் கறுப்பு ஷூதான் போடுவார்.

அவருடைய கையை விட்டாள். திரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"போதுமுங்க. நல்லாத்தான் நடிக்கறீங்க."

திரை அசையவில்லை.

அவர் கோபப்படவும் இல்லை. சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தார். விரல்கள் தடுமாறின.

"எங்க சூப்பர்வைசரும் அதையேதானுங் சொன்னாரு."

கட்டிலிலிருந்து இறங்கினார். வெறுங்கால். கெண்டைக்காலில் காலுறையின் தடம். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் திரைக்கு அடியில் நீட்டி, அந்தக் கறுப்பு ஷூவை உள்ளே இழுத்தார்.

பிறகு அடுத்ததை.

திரைக்குக் கீழே வெறும் தரை.

அசைத்தால் வலிக்காத தோளில் நோய் இல்லை. வேறெங்கோ இருக்கிறது. முதல் வாரமே படித்த பாடம். அந்த வேறெங்கோவை அவள் இவ்வளவு நேரமும் திரைக்கு வெளியே தேடிக்கொண்டிருந்தாள்.

மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்று ஈரம். துடைக்கத் துடைக்க ஊறியது.

நாடி ஓடியது. நின்றது. ஓடியது.

"இந்த மாடிக்கு எப்படி வந்தீங்க?"

"படியிலதானுங். லிப்ட்டுல நோயாளிங்க போகோணுமல்லங்."

ஷூக்களை அவருக்கு எட்டாமல் காலால் தள்ளினாள். தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"எந்திரிக்கவே கூடாதுங்க."

"எறங்கறப்ப வலிக்காதுங் அம்மிணி."

அவர் அவளுக்குத் தைரியம் சொல்வதுபோல இருந்தது.

"யாராச்சும் வீல்சேர் கொண்டு வாங்க! இருதய வார்டுக்கு!"

திரை அசையவில்லை.

சார் அங்கே நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது.