நடைக்கடன்

"என்ரை பிள்ளையின்ரை உயிருக்கு விலை, கதிர்காமத்துக்கு ஒரு நடை. பேசினது அவ்வளவுதான். அதைக் குடுக்க ஏலாமல் கட்டிலிலை கிடக்கிறன்" என்று சுவரில் தொங்கிய முருகன் படத்தைப் பார்த்து உறுமினார் இராசநாயகம்.

படத்தில் இருந்தவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

புங்குடுதீவில் சாமான்கடை வைத்திருக்கும் மனிதர். சரக்குத் தந்தவனைத் தவணை தாண்டிக் காக்கவைத்ததில்லை. போன மழைக்காலத்தில் மகள் நிசாந்தினி மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றபடியே நேர்த்தி வைத்தார். பிள்ளை எழும்பினால், வருகிற பாதயாத்திரையில் வடக்கே சந்நிதி முருகன் கோயிலிலிருந்து தெற்குக் கோடியிலுள்ள கதிர்காமம் வரை நடந்து வருவதாகப் பேச்சு. பிள்ளை எழும்பிவிட்டாள். சரக்குக் கைமாறிவிட்டது. இனி இவர் நடக்கவேண்டும். நடக்காவிட்டால் தந்தவன் திருப்பி எடுத்துவிடுவான் என்பது அவருடைய பயம்.

யாத்திரை புறப்படச் சில நாட்களே இருக்கையில் காய்ச்சல் வந்தது. முழங்கால், கணுக்கால் எல்லாம் வீங்கி, கட்டிலிலிருந்து குசினிக்குப் போவதே ஒரு யாத்திரையாகிவிட்டது. நுளம்பு கடித்து வந்த வருத்தம், ஒரு மாதத்துக்கு நடை கூடாது என்றார் டொக்டர். அதை ஒரு கிழமையாகக் குறைக்கச் சொல்லி இராசநாயகம் பேரம் பேசிப் பார்த்தார். டொக்டர் ஒரு நாளும் குறைக்கவில்லை.

நுளம்பை ஏசினார். கிணற்றடியில் தண்ணி தேங்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்காத பக்கத்து வீட்டுத் தம்பையாவை ஏசினார். மிச்சம் முழுவதும் மனைவி சறோஜினிதேவிக்கு வந்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. சீனி வருத்தத்தால் இராசநாயகத்தின் வலது காலில் ஒரு விரலை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். அந்தக் காலோடு காட்டுப்பாதையில் வெறுங்காலாய் நடந்தால் முழுக்காலும் போய்விடும் என்று அவள் மன்றாடிப் பார்த்தாள். மகளைவிடக் கால் பெரிதா என்று அவர் அவளுடைய வாயை அடைத்துவிட்டார். ஆனால் காய்ச்சல் வந்த அன்று, தெர்மோமீற்றரைப் பார்த்த அவள் முகத்தில் ஒரு நிம்மதி ஓடியதை வியாபாரிக் கண் தவறவிடவில்லை.

"உமக்கு உள்ளுக்குள்ளை சந்தோசம். இல்லையெண்டு சொல்லும் பாப்பம்."

"ஏன் பொய் சொல்லவேணும்? ஓம், சந்தோசம்தான்" என்று கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள்.

இருந்த காய்ச்சலோடு இன்னும் ஒரு பாகை ஏறியது.

அதைவிடக் கொடுமை அவளுடைய புதுப் பழக்கம். முழங்கால் நோவென்று முன்தெருக் கோயிலுக்கே ஓட்டோ பிடிக்கிறவள், புருசன் அனுங்கிக்கொண்டு கிடக்க, விடியவெள்ளன எழும்பிக் கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதிப் பாலம் வரை நடந்துவிட்டு வந்தாள். கேட்டால் தேகப்பயிற்சியாம். யாத்திரைதான் போச்சு, ஒரு மீன் சொதியாவது வையும் என்றதற்கும், இந்த வீட்டில் இப்போது மச்சம் கூடாது என்றுவிட்டாள்.

புறப்படும் நாள் காலையில் வாசலில் வான் வந்து நின்றது. தீவுகளிலிருந்து அடியார்களைச் சந்நிதிக்கு ஏற்றிப்போகும் சஞ்சீவன் உள்ளே வந்தான். யாத்திரை போகிறவர்களை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லாரும் சாமிதான்.

"சாமி, நேரமாச்சு. ஏறுங்கோ."

இராசநாயகம் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பப் பார்த்துவிட்டுச் சாய்ந்தார். "எழும்பி நிக்கவே ஏலாது தம்பி. என்ரை பேரை வெட்டிவிடும்."

"உங்கடை பேரைக் காய்ச்சல் வந்த அண்டைக்கே வெட்டியாச்சு, அண்ணை. நான் அக்காவைக் கூப்பிட்டனான்."

அறைக்குள்ளிருந்து சறோஜினிதேவி வந்தாள். காவிச் சேலை, வெறுங்கால், தோளில் அவருடைய பை.

"நீர் எங்கை?"

"இந்த மனுசனை எப்பிடியாவது வீட்டிலை மறிச்சுத் தா, நான் நடந்து வாறன் எண்டு போன வெள்ளி நேர்த்தி வைச்சனான். அடுத்த நாளே உங்களுக்குக் காய்ச்சல். இவ்வளவு சுறுக்காய்த் தருவானெண்டு நான் நினைக்கேல்லை."

"அப்ப என்ரை நேர்த்தி?"

"அதுக்கு ஒரு வருசத் தவணை கேட்டிருக்கிறன். நிசாந்தினி பின்னேரம் வருவாள். மருந்தைக் குடியுங்கோ."

வான் போய்விட்டது. இராசநாயகம் படத்தை முறைத்தார். தனக்குத் தெரியாமல் தன் வீட்டுக்குள்ளேயே முருகன் இன்னொரு வியாபாரம் பேசி முடித்திருக்கிறான் என்று பல்லைக் கடித்தார். பிறகு அவளுடைய முழங்கால் நினைவுக்கு வந்தது. வெயிலும், வழியிலுள்ள குமணக் காடும், அதற்குள் நிற்கும் யானைகளும் நினைவுக்கு வந்தன. வீங்கிய கைகளை மெல்லத் தூக்கிக் கூப்பினார்.

"அவள் சுகமாய்த் திரும்பி வரட்டும். அதுக்கும் ஒருக்கா நடக்கிறன்."

சறோஜினிதேவியின் கடன் அன்று முதல் தீரத் தொடங்கியது. இராசநாயகம் முருகனுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி, இரண்டு நடை.