வெள்ளிக்கிழமைக் கோளாறு

"என்ன பண்ணினாலும் ரெடியாகாதுன்னு அடிச்சுச் சொல்லிடுங்க தம்பி. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

பைக்கை ஸ்டாண்டு போடக்கூட விடாமல் ரஹ்மத்துல்லா பாய் கிசுகிசுத்தார். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மணிவேலிடம், எப்படியாவது சரி பண்ணிக் கொடு என்று உயிரை வாங்குகிறவர்கள்தான் அதிகம். இப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

காரணத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பாயின் ஒரே மகன் அம்மார், மணிவேலின் கல்லூரி சிநேகிதன், போன வாரம் துபாயில் லாரி மோதி இறந்துவிட்டான். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். பாயின் ஊரான லெப்பைக்குடிக்காடு முழுக்கத் தெரிந்த சேதி, பெற்ற தாய் பாத்திமா பீவிக்கு மட்டும் தெரியாது.

"இப்பத்தான் அவளுக்கு நெஞ்சுல ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. அதிர்ச்சியான சேதி எதுவும் காதுல விழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கொஞ்சம் தேறட்டும், நானே சொல்லிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அம்மார் வீடியோ காலில் வருவான். பாத்திமா பீவிக்குக் கண் மங்கல். போனில் முகம் சரியாகத் தெரியாது என்பதால் கம்ப்யூட்டரின் பெரிய திரையில்தான் மகனைப் பார்ப்பார்.

"போன வெள்ளிக்கிழமை என்ன சொல்லிச் சமாளிக்கப் போறேன்னு தவிச்சுட்டு இருந்தேன். அல்லாவாப் பார்த்து அன்னிக்குக் காலையில அந்தக் கம்ப்யூட்டரை நிப்பாட்டிட்டான். ஆளைக் கூப்பிட்டுக் காட்டலைன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துடும். அதான்."

மணிவேல் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். அந்தக் கம்ப்யூட்டரை அவனும் அம்மாரும் சேர்ந்துதான் அசெம்பிள் பண்ணினார்கள். எங்க அம்மாவுக்கு நானே பூட்டுறேன் என்று ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டான் அம்மார். அவன் பூட்டிய ஸ்க்ரூவை இப்போது மணிவேல் ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

அசெம்பிள் பண்ணியதற்கப்புறம் இந்த வீட்டில் மணிவேலுக்கு வேலையே இருந்ததில்லை. திரை வராமல் பீப் பீப்பென்று கத்தினால், அம்மார் அங்கிருந்து போனில் சொல்லச் சொல்ல, பாத்திமா பீவியே ரேம் என்கிற மெமரி அட்டையைத் தடவிக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டிவிடுவார். வூட்டுக்கு வூடு இப்படிக் கத்துக் கொடுத்தா நான் கடையை மூட வேண்டியதுதான் என்று மணிவேல் அவனைக் கேலி செய்ததுண்டு.

ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. திரை இருட்டாகவே கிடக்க, பீப் சத்தம் மட்டும் கேட்டது. குனிந்து பார்த்தான். ரேம் இருக்க வேண்டிய இடம் காலி.

பாயே கழற்றி ஒளித்துவைத்துவிட்டு அல்லா நிறுத்தினான் என்கிறாரே என்று நினைத்துக்கொண்டான். அவன் பையிலேயே ரேம் இருந்தது. மாட்டினால் உடனே ஓடும்.

"என்னா கோளாறு தம்பி?" பாத்திமா பீவி டீயுடன் வந்து நின்றார்.

"மதர்போர்டு போயிடுச்சும்மா."

"வேற போர்டு போட்டா?"

"இந்த மாடலுக்கு இப்ப போர்டே வர்றதில்லம்மா. இனிமே ஓடாது." அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கையிலிருந்த ஸ்க்ரூவைப் பார்த்தபடி சொன்னான்.

"அப்ப விடுங்க. டீ ஆறிடப் போவுது, குடிங்க."

டம்ளரை வாங்கிக்கொண்டான். இந்தக் கையால் எத்தனை தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். அவரிடமே, அதுவும் அம்மார் பூட்டிய கம்ப்யூட்டரை வைத்தே பொய் சொல்கிறோமே, நாமெல்லாம் மனுஷனா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

அஸர் பாங்கு கேட்டது. பாய் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசல்வரை கூடவே வந்தார்.

"பெரிய உதவி பண்ணுனீங்க தம்பி."

"அந்த ரேமை மட்டும் பத்திரமா வைங்க பாய். அம்மா கையில கிடைச்சா மாட்டிடுவாங்க."

"எதை?"

"நீங்க கழட்டி வச்சிருக்கீங்கல்ல, அதை."

"நானா? அந்தப் பொட்டியைத் திறக்கவே எனக்குத் தெரியாதே தம்பி." குழப்பமாகப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல பாய். வேற யார் வூட்டு ஞாபகத்துலயோ சொல்லிட்டேன். நீங்க போங்க, தொழுகைக்கு நேரமாவுது."

பாய் பள்ளிவாசல் பக்கம் வேகமாக நடந்தார். மணிவேல் பைக் சாவியைக்கூடப் போடாமல் நின்றான். திரும்பியபோது கதவோரத்தில் பாத்திமா பீவி இருந்தார். பாய் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் பேசினார்.

"நான்தான் கழட்டுனேன் தம்பி."

"ஏம்மா?"

"என்னைப் பார்க்க ஊரே வந்துட்டுப் போவுது. ஒருத்தர்கூட அம்மார் எப்படி இருக்கான்னு கேக்கலையே." முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு பாவம் தம்பி, வெள்ளிக்கிழமை என்ன சொல்லி என்னைச் சமாளிப்பாரு? மவன் மௌத்தானது எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க."