பக்கத்தில் நின்றவன்

"இருபத்தெட்டு வயசுல ரிட்டயர்மென்ட்டா? தலையில அடிபடும்னு பயமா இருந்தா கோலிகுண்டு ஆடப் போயிருக்கணும்!"

மேக்கன் ஊரிலிருந்து மாமனார் போட்ட சத்தத்தில் கொரின் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"மாமா, உங்க பையன் உடம்பு முக்கியமில்லையா?"

"எனக்கு உடம்பு இல்லையா? முப்பது வருஷம் மில்லுல மூட்டை தூக்கினேன். ஒரு நாள் முடியலன்னு உக்காந்திருப்பேனா? சர்ச்சுல எல்லாரும் என்னையே பாக்கறாங்க. தலை நிமிர முடியல!"

வைத்துவிட்டார்.

முந்தின நாள் அவள் கணவன் வெண்டல் டிவிக்காரர்கள் முன்னால் நின்றான். "ஹெல்மெட்டோட ஹெல்மெட் மோதி மோதி மூளை கலங்கிப்போன எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். எனக்கு இத்தோட போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் முன்வரிசையில் மலை மாதிரி நின்றவன். சீசன் தொடங்கச் சில வாரங்கள்தான் இருந்தன.

ஊரெல்லாம் அதே பேச்சு. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவன்கூடக் கேட்டான். "மேடம், சாருக்குத் தலைவலி மாத்திரை ஏதாவது சேத்துப் போடவா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு கொரினுக்கு உறைக்கவே இல்லை. அவள் பயம் வேறு. போன மாதம் வெண்டல் தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தான். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றான். அதற்குப் பிறகுதான் இந்த முடிவு.

ஏதோ இருக்கிறது. மறைக்கிறான்.

அவனுக்குத் தெரியாமல் அவனைச் சோதித்துப் பார்த்தாள்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு மழை பெஞ்சு எல்லாரும் நனைஞ்சோமே, ஞாபகம் இருக்கா?"

"எங்க பெஞ்சுது? உங்க சித்தப்பா தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டுட்டார்."

"எதிர்வீட்டு நாய் பேரு என்ன?"

"பிஸ்கட். ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். அதுவும் பயமாக இருந்தது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எங்கோ படித்திருந்தாள்.

மத்தியானம் ஒடெல் வந்தான். காலேஜ் நாளிலிருந்து வெண்டலுக்கு உயிர் நண்பன். ஆட்டத்தில் அவனுக்கு இடப்பக்கம் நிற்கிறவன். கொரினுக்கு அண்ணன் மாதிரி.

"வாங்கண்ணே, சாப்பிடறீங்களா?"

"சாப்பாடு இருக்கட்டும் தங்கச்சி. எங்க அந்தத் துரோகி?"

வெண்டல் உள்ளேயிருந்து வந்தான்.

"ஏண்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? ஊரோட சேந்து நானும் டிவியில பாத்துத் தெரிஞ்சுக்கணுமா? உனக்கு மட்டும்தான் தலை இருக்கா? நான் முட்டலையா?"

"நீயும் விட்டுடு ஒடெல்."

"நான் ஏன் விடணும்? ரெண்டு பொண்ணைப் பெத்து வெச்சிருக்கேன். திரும்பி வாடா. இந்த ஒரு சீசன் மட்டும். நீ பக்கத்துல இல்லாம என்னால முடியாதுடா…" ஒடெல் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வர மாட்டேன்."

"இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"

விருட்டென்று திரும்பிய ஒடெல், கோபத்தில் வாசல் கதவை விட்டுவிட்டு, கோட் மாட்டும் அலமாரியைத் திறந்தான். வெண்டல் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டான். வெளியே ஒடெலின் மனைவி பெர்னிஸ் காரில் காத்திருந்தாள். அந்தக் கார் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு வெண்டல் சாப்பிடவில்லை. போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

"டாக்டர் போன் பண்ணுவாரா?" என்று கொரின் மெல்லக் கேட்டாள்.

"இல்ல."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

அவன் மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தான்.

மறுநாள் காலை கொரினுக்குத்தான் போன் வந்தது. பெர்னிஸ் அழுதுகொண்டே கத்தினாள்.

"உன் புருஷனால எங்க பொழப்பும் போச்சு! இவரும் ஆட மாட்டேன்னு கோச்கிட்ட சொல்லிட்டு வந்து கதவைச் சாத்திக்கிட்டார். வெண்டல் இல்லாத இடத்துல நிக்க முடியாதாம். இப்ப சந்தோஷமா உங்களுக்கு?"

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொரினுக்குப் பொங்கிவிட்டது. நேரே சமையலறைக்குப் போனாள்.

"உன் உடம்பைக் காப்பாத்திக்கப் போயி அந்தக் குடும்பத்தையும் சேத்துக் கவுத்துட்டியே! ஒடெல் அண்ணனும் விட்டுட்டாராம்!"

வெண்டல் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின.

கொரின் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள். "என்னாச்சு? தலை வலிக்குதா? டாக்டரைக் கூப்பிடவா?"

"நிஜமாவே விட்டுட்டானா?"

"ஆமா."

"அப்பாடா…" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "போன சீசன்லயே அவனுக்கு எந்தப் பக்கம் நகரணும்னு மறந்துபோக ஆரம்பிச்சிருச்சு கொரின். ஒவ்வொரு தடவையும் நான்தான் காதுல சொல்லிட்டிருந்தேன். டாக்டர்கிட்ட வாடான்னா வரல. பெர்னிஸ்கிட்டகூட சொல்லக் கூடாதுன்னு பொண்ணுங்க மேல சத்தியம் வாங்கிட்டான். இன்னும் ஒரு சீசன் முட்டியிருந்தா அந்தப் பொண்ணுங்க பேரே அவனுக்கு மறந்திருக்கும்."

கொரின் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப… உன் ஸ்கேன்?"

"எனக்கு ஒண்ணுமே இல்ல. இன்னும் அஞ்சாறு வருஷம் தாராளமா ஆடலாம்னார் டாக்டர். ஆனா நான் நிக்கற வரைக்கும் அவனும் நிப்பானே!"