வெட்ட வேண்டிய இடம்

அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, சரியாகத் தரையில் போட்டிருந்த நீலக் கோட்டின் மேலேயே போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூத்தவன் தரை வெட்டும் மெஷினோடு நின்றான். பிளேடு மாட்டியாகிவிட்டது. பிளக் செருகியாகிவிட்டது. அம்மாவைத்தான் நகர்த்த முடியவில்லை.

நேற்று சாயங்காலம் போட்ட கான்கிரீட். கூடம் இருபத்து நான்கு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். நடுவில் குறுக்கே ஒரு வெட்டு போட்டால் இரண்டு சதுரம். இன்றைக்கே போட்டாக வேண்டும். நாளைக்கு என்று விட்டால் தரை தன் இஷ்டத்துக்கு எங்காவது வாயைப் பிளந்துகொள்ளும்.

ஊரில் பாதிக் கிடங்குகளுக்குத் தரை வெட்டிக் கொடுத்தவன் அவன். எந்த முதலாளியும் அவனிடம் ஏன் என்று கேட்டதில்லை. வீட்டில் மட்டும் அவன் பேச்சு செல்லாக்காசு.

காலையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியாயிற்று. கான்கிரீட் காயும்போது சுருங்கும். அடியில் இருக்கும் மண் அதைச் சுருங்க விடாது. இழுபறியில் அது விரிசல் விட்டுவிடும். விரிசல் விடாதே என்று அதற்குச் சொல்ல ஆண்டவனாலும் முடியாது. எங்கே விரிசல் விட வேண்டும் என்று மட்டும் நாம் சொல்லலாம். கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு போட்டால், அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டுக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

நடுவீட்டில் கோடு விழக் கூடாது என்றாள் அம்மா. எத்தனை முறை விளக்கினாலும் அதே பதில்.

சிமெண்டை இன்னும் கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாமே என்று மனைவி வேறு கேட்டாள். கூடப் போட்டால் கூடத்தான் விரிசல் விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, கம்பி கட்டியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது என்றார். கம்பி விரிசலைத் தடுக்காது, விரிந்ததை விலகாமல் பிடித்துக்கொள்ளும். அதை அவருக்கு விளக்க உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஜன்னலைச் சாத்தினான்.

அவன் பக்கம் நின்றவன் தம்பி மட்டும்தான்.

கூடத்துக்கு இந்தப் பக்கத்து அறைகள் அண்ணன் குடும்பத்துக்கு, அந்தப் பக்கத்து அறைகள் தம்பிக்கு. சமையல் ஒன்றுதான். மருந்துக் கடை வேலை முடிந்து வந்தால் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத தம்பி, இன்று லீவு போட்டுவிட்டு, சாயம் தடவிய நூலின் மறுமுனையைப் பிடித்தான். டேப்பை எடுத்து இரண்டு சுவரிலிருந்தும் அவனே அளந்தான். அரை அங்குலம் தள்ளியிருக்கிறது என்று மறுபடி கோடு போட வைத்தான். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அம்மாவுக்கு என்ன தெரியும், வெட்டு என்றான்.

மூத்தவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வீட்டில் ஒருத்தனுக்காவது தன் வேலை புரிகிறதே.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ஜன்னலோரமாகத் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் கிளம்பியிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. பெற்றவள் என்றுகூடப் பாராமல் கத்திவிட்டான். மனைவி உள்ளே போய்விட்டாள். தம்பி பிளேடுக்கு ஊற்றத் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி வாளியோடு பின்பக்கம் போனான்.

அவன் போனதை அம்மா திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"நீ சொன்னதெல்லாம் எனக்கு முதல் தடவையே புரிஞ்சுதுடா. காலையில உன் தம்பி செல்போனை அடுப்படியில வச்சிட்டுப் போயிட்டான். அடிச்சுதேன்னு எடுத்தேன். செங்கல் லோடு வருது, எங்க இறக்கணும்னு கேட்டாங்க."

செங்கல் எதற்கு? தரை வேலையைத் தவிர வீட்டில் வேறு வேலை எதுவும் கிடையாது. கூடத்தை இரண்டாக்கும் ஒரு சுவருக்கு என்ன தேவையோ அதில் பாதியை அவனே காலையில் நூல் பிடித்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

எழுந்திரும்மா என்றான். அம்மா எழுந்தாள்.

ஈரச் சாக்கை எடுத்து, நீலம் போகும்வரை தரையைத் தேய்த்தான். எட்டடிக்கு ஒன்றாக இரண்டு வெட்டு போட்டாலும் கான்கிரீட் கேட்டுக்கொள்ளும். நடுவில் எதுவும் வராது. டேப்பை நீளச் சுவரோரமாக விரித்து எட்டாவது அடியில் பென்சிலால் குறித்தான்.

தம்பி வாளியோடு வந்தான். தரையைப் பார்த்தான். ஏன் அழித்தாய் என்று கேட்கவில்லை.

மூத்தவன் பென்சில் குறியருகே உட்கார்ந்து நூலை நீட்டினான். தம்பி அதை வாங்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரின் நட்டநடுவில் வைத்துப் பிடித்தான்.

"அங்க இல்லடா. இங்க, எனக்கு நேரா."

தம்பி நகரவில்லை.