செட்டிங்ஸில் கை வைத்தவன்

“செய்யிறதையும் செய்துபோட்டு முழிக்கிற முழியைப் பாருங்கோ!”

கனகரத்தினம் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்த ஷிஃபானாவே எழும்பி நின்றுவிட்டாள். உள்ளே அவருடைய மேசைக்கு முன்னால் நின்றவன் சிந்துஜன். சாம்பல்தீவுப் பெடியன்.

ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற அந்தக் கப்பல் சரக்குக் கந்தோரில் ஒரேயொரு கிளார்க் வேலை. கடைசியில் மிஞ்சினது இவனும் கிண்ணியாவிலிருந்து வந்த ஷிஃபானாவும்தான். ஒரே கணினியில் ஆளுக்கொரு யூசர் பெயர் போட்டு, எடிட்டர் என்கிற தட்டச்சு ப்ரோகிராமில் ஒரே பக்கத்தை ஒருவர் பின் ஒருவராகத் தமிழில் அடிக்கச் சொன்னார் கனகரத்தினம்.

“இடையில எடிட்டரை மூடக் கூடாது. மூடினா சோதனை முடிஞ்சுது” என்பது அவருடைய சட்டம்.

முதலில் இருந்த சிந்துஜன் நேரம் முடிவதற்குள் பாதிதான் அடித்தான். பிறகு இருந்த ஷிஃபானா பிழையில்லாமல் முழுதையும் முடித்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடித்ததை பிரிண்ட் எடுக்கப் போன கணினிப் பிரிவு சுலோஜனா, எடிட்டரின் செட்டிங்ஸ் மாறிக் கிடக்கிறதே என்றாள். மாற்றினது சிந்துஜன் பெயரில், அதுவும் அவனுடைய சோதனை நேரத்தில்.

“அவன்ட பெயர் எப்பிடி வந்தது, பிள்ளை?” என்று கேட்டார் கனகரத்தினம்.

“எடிட்டர் திறந்த உடன சிஸ்டத்திட்டக் கேக்கும் சேர். ஆர் இருக்கிறது, அவற்ற ஃபோல்டர் எங்க எண்டு. சிஸ்டம் எல்லாத்தையும் சொல்லிப்போடும். ஆர் எதை மாத்தினாலும் அவற்ற பெயர் அதில விழும்.”

“கேட்டீரோ? கணினிக்கே உம்மைத் தெரிஞ்சிருக்கு. நீர்தானே மாத்தினது?”

“ஓம் சேர்,” என்றான் சிந்துஜன்.

“சோதனை நேரத்தில மாத்தினா அதுக்குப் பெயர் களவு. களவெடுத்தும் பாதிதான் அடிச்சிருக்கிறீர்!”

“கீபோர்ட் பழுது சேர். அப்பவே உங்களிட்டச் சொன்னனான்.”

“சும்மா சாட்டுச் சொல்லாதேயும்! இதே கீபோர்ட்டிலதானே அந்தப் பிள்ளையும் அடிச்சது?”

இந்த வேலை கிடைக்காவிட்டால் சிந்துஜன் அடுத்த மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான். மனிசிக்கு இது ஏழாம் மாதம். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். ஷிஃபானாவை இதற்குள் இழுத்ததும் அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கனகரத்தினம் கெட்ட மனிசன் இல்லை. ஆனால் ஒன்றை நினைத்துவிட்டார் என்றால், பிறகு ஆர் சொல்லியும் காதில் ஏறாது.

“நாளைக்கு ஆரும் கேட்டாக் காட்டவேணும். என்ன மாத்தினவன் எண்டு வடிவாப் பாருங்கோ,” என்றார்.

சுலோஜனா பார்த்தாள். அவளுடைய முகம் ஒருமாதிரிப் போயிற்று. வேறொரு ப்ரோகிராமைத் திறந்து, “சேர், இதில ஒருக்கா ‘க’ அடியுங்கோ,” என்றாள்.

கனகரத்தினம் ஒற்றை விரலால் அமத்தினார். ‘கக’ என்று விழுந்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாக அமத்திப் பார்த்தார். அதே ‘கக’.

“உப்புக் காத்துப் பிடிச்சுப்போட்டுது சேர். ஒவ்வொரு ‘க’வையும் அழிச்சழிச்சு அடிச்சிருக்கிறான், பாவம்.”

கனகரத்தினம் கீபோர்ட்டைத் தள்ளி வைத்தார். ஆனாலும் விடவில்லை. “சரி, பழுதுதான். அதுக்காகத் தனக்கு லேசாக்கிறதுக்கு செட்டிங்ஸில கை வைக்கலாமோ?”

“தனக்கெண்டா தன்ட ஃபோல்டரிலயல்லோ வைச்சிருப்பான்? அங்க ஒண்டும் இல்ல. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள அதே எழுத்து ரெண்டாந்தரம் வந்தா விட்டுப்போடு எண்டு எழுதி, எல்லாருக்கும் பொதுவான இடத்தில வைச்சிருக்கிறான். ஆர் வந்து இருந்தாலும் எடிட்டர் அதை எடுக்கும்.”

“அப்ப அவனுக்கும்தானே எடுத்திருக்கும்?”

“இல்ல சேர். எடிட்டர் திறக்கேக்க மட்டும்தான் அதை வாசிக்கும். மூடக் கூடாதெண்டு நீங்கள் சொன்னபடியால் அவன் மூடவே இல்ல. இதை எழுதினதில அவனுக்கு அடிக்கிற நேரம் போனதுதான் மிச்சம்.” சுலோஜனா திரையை அவர் பக்கம் திருப்பினாள். “அவனுக்குப் பிறகு திறந்தது ஷிஃபானா மட்டும்தான். இப்பிடியும் ஒரு பிள்ளை இருக்குமா சேர்?”

கனகரத்தினம் எழும்பின வேகத்தில் கதிரை பின்னால் சரிந்தது. வராந்தாவில் ஷிஃபானாவைப் பார்த்து, “போயிடாதேங்கோ பிள்ளை, கீபோர்ட் பழுது, ரெண்டு பேருக்கும் திருப்பிச் சோதனை!” என்று சொல்லிக்கொண்டே ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடினதை அந்தக் கந்தோர் அதற்கு முன் கண்டதில்லை.

வாசல் கேற்றடியில் சிந்துஜன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தான்.

“தம்பி, நில்லும்! என்னில பிழை. வேற கணினியில திருப்பி அடியும். ரெண்டு பேரும் முதலிலயிருந்து.”

சிந்துஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பெரிய உபகாரம் சேர்.”

“உபகாரத்தை விடும். எனக்கு ஒண்டு மட்டும் சொல்லும்,” கனகரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. “வேலை ஒண்டுதான். அந்தப் பிள்ளை உமக்குப் போட்டி. பிறகு ஏன் அவவுக்குச் சரிபண்ணி வைச்சனீர்?”

சிந்துஜன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

“கீபோர்ட் பழுதெண்டு நான் சொல்ல நீங்கள் நம்பேல்ல சேர். அவ சொன்னாலும் நம்பியிருக்க மாட்டியள்தானே?”