பதினாறில் ஒரு பங்கு முட்டை

முட்டையை நான்காக வெட்டினாள்.

போதாது. எட்டாக.

மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. வெளியே எண்பத்தாறு தட்டுகள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

எட்டையும் பாதியாக்கினாள். ஒரு எறும்பு தனியாளாகத் தூக்கிப் போய்விடும் அளவுக்கு வந்தது.

பதினாறில் ஒரு பங்கு.

அதையும் வாயில் வைக்கக் கை வரவில்லை.

சட்டம் எளிமையானது. சத்துணவைப் பிள்ளைகளுக்குப் போடுமுன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அண்டாவுக்குள் கரண்டி இறங்காது.

சில நாளாக அந்த வேலையைச் சேவியர் சார் தலையில் கட்டியிருந்தாள். இன்று சேவியர் சார் பயிற்சிக்குப் போய்விட்டார். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் மிச்சம் தலைமையாசிரியை மட்டும்.

அதாவது, அவள்.

ஒன்பது நாளுக்கு முன். இதே சமையற்கூடம். இதே நேரம். தொண்டையில் அடைத்தது. மூச்சு நின்றது. கண் முன்னால் கரும்பலகை.

சமையல் செய்யும் அமராவதி ஓடிவந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடைத்தது வெளியே தெறித்து விழுந்தது.

மொத்தம் பதினோரு விநாடி.

அன்று கொண்டைக்கடலை சாதம். கடலைதான் என்று ஊர் சொன்னது. அவள் மறுக்கவில்லை.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "புதுசா போட்ட தார் ரோடு மாதிரி இருக்கும்மா" என்றார்.

வெயிலில் தார் இளகுமே என்று யோசித்தபடி வீடு திரும்பினாள்.

அன்றிலிருந்து கஞ்சி. இட்லியை மிக்ஸியில் அடித்து டம்ளரில் குடித்தாள். ஒரு வாய்க்கு நாற்பது முறை மென்றாள், கஞ்சியையும். முதுகில் எங்கே அடிக்க வேண்டும் என்று ரவிக்கையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கணவருக்குக் காட்டினாள். "எவ்வளவு பலமா?" என்று அவர் ஆர்வமாகக் கேட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பள்ளியிலும் உத்தரவு. சாதம் குழைய வேண்டும். இன்னும் குழைய வேண்டும்.

பிள்ளைகள் அதற்குப் பசை என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி அதைத் தொட்டு, கிழிந்த இந்திய வரைபடத்தையே ஒட்டிக் காட்டிவிட்டாள்.

பன்னிரண்டு முப்பது.

செல்போனை எடுத்தாள். ஒன்றை அழுத்தினாள். பூஜ்யத்தை அழுத்தினாள். எட்டின் மேல் கட்டைவிரல் காத்து நின்றது.

அமராவதி பின்னால் வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். வலது கையை ஓங்கினாள்.

"நான் ரெடி டீச்சர். நீங்க முழுங்குங்க."

"இன்னும் அடைக்கவே இல்லியே அமராவதி!"

"அடைச்ச பிறகு கையைத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா?"

வெளியே தட்டுச் சத்தம் நின்றுபோனது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. பசி அழுகை.

அவள் வாயைத் திறந்தாள். வைத்துவிட்டாள்.

பத்து. இருபது. முட்டை எப்போதோ கரைந்துவிட்டது. வெறும் எச்சிலை மென்றுகொண்டிருந்தாள்.

முப்பத்தொன்பது.

நாற்பது.

கண்ணை மூடினாள்.

போய்விட்டது. சின்ன ஸ்டேஷன்களில் நிற்காத ரயில் மாதிரி.

பதிவேட்டில் கையெழுத்து. அண்டாவில் கரண்டி. எண்பத்தாறு தட்டுகளும் ஒரே நேரத்தில் கத்தின.

அவள் உட்கார்ந்துவிட்டாள். சிறிது நேரம் கழித்து இரண்டாவது துண்டை எடுத்தாள். பிறகு மூன்றாவது. பிள்ளைகள் கை கழுவி முடிப்பதற்குள் மிச்சம் பதினைந்தும் காலி.

அமராவதி அண்டாவைக் கவிழ்த்துத் தேய்க்க உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் கொண்டைக்கடலை. ஊற வைக்கவா, வேணாமா டீச்சர்?"

டீச்சர் பதிவேட்டை மூடி வைத்தாள்.

"வேகாத கடலையைப் போட்டு டீச்சரைக் கொல்லப் பாத்தவன்னு ஊரே பேசுது. என் கையால சாப்பிடுறதை எங்க மாமியாரு நிறுத்திடுச்சு. அதுகூட ஒரு வகையில நிம்மதிதான். ஆனா ஆளை மாத்தணும்னு மனு எழுதி, வீடு வீடா கையெழுத்து வாங்குறாங்களாம்."

நார் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

முட்டையைவிட இது கஷ்டமாக இருந்தது.

"அமராவதி... அன்னிக்கு நான் கடலையை வாயிலேயே வைக்கல."

நார் நிற்கவில்லை.

"பசி மயக்கம், அவசரம். ருசி பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். போடும்போது பல்லுல..."

அமராவதி எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து வந்து பதிவேட்டின் மேல் வைத்தாள்.

"தெரியும் டீச்சர். கீழ விழுந்ததைக் கூட்டி அள்ளுனவ நான்தானே."

நீல நிறத்தில் ஒரு பேனா மூடி.

"கழுவித்தான் வச்சிருக்கேன்."