சாயங்காலத்தில் காட்டிய வீடு

"இந்த வீட்டைக் கட்டினவனுக்குக் கண்ணு தெரியாதா?"

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் தரகர் முதல் நாள் உள்ளே நுழைந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அலமாரியைத் திறந்து மூக்கைச் சுளித்தார். குழாயைத் திருகி, "ஒழுகுது" என்றார். 'வாங்க' என்று சொல்ல வாயெடுத்த வீட்டுக்காரி அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

வேறு ஆளைப் பிடிக்கலாம் என்றால், எந்த வீடு என்று சொன்னதுமே மற்ற தரகர்கள் போனை வைத்துவிடுகிறார்கள்.

புருஷனுக்கு வேலை மாற்றல், அதனால் விற்கிறோம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். நிஜக் காரணம் வேறு.

பொழுது சாய்ந்து விளக்குப் போடும் நேரத்துக்கு அந்த வீட்டுக்கு யாரோ வருவார்கள். வெளிக் கேட் திறக்கும். நடையில் காலடிச் சத்தம் கேட்கும். அலமாரி மேல் சாவிக்கொத்து விழும். சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி இழுபடும். அப்புறம், நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து உட்காருகிறவர் விடுவதுபோல ஒரு பெருமூச்சு.

அவ்வளவுதான். எட்டிப் பார்த்தால் ஈ காக்காய் இருக்காது. கேட் பூட்டினது பூட்டினபடி கிடக்கும். நாற்காலி மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும்.

வாங்கும்போது பழைய சொந்தக்காரர் காலையில்தான் வீட்டைக் காட்டினார். குடி வந்த அன்றைக்குச் சாயங்காலம்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அந்த மனுஷனை அவள் சபிக்காத நாளில்லை. இப்போது அவளும் தரகரிடம் காலையில் மட்டும் ஆட்களைக் கூட்டி வரச் சொன்னாள்.

அவர் காதில் வாங்கினால்தானே? முதல் நாளே, இதை அளக்கிறேன் அதை அளக்கிறேன் என்று இருட்டும்வரை சுற்றினார். நாற்காலி இழுபட்டபோது அதை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை. அப்படியே கிளம்பிப் போனார்.

மறு வாரம் ஒருவரைக் கூட்டி வந்தார், அதுவும் விளக்குப் போடும் நேரத்துக்கு. கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, "டிவியை நிறுத்தும்மா. விக்கிறது வீட்டை, சீரியலை இல்ல" என்றார்.

கேட் திறந்தது. வந்தவர், குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எடுத்தார் ஓட்டம். தரகர் மட்டும் பெருமூச்சு அடங்கும்வரை அசையாமல் இருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அடுத்தடுத்து வந்தவர்கள் கதையும் அதேதான்.

இந்த ஆளுக்குக் கமிஷன் வேண்டாமா என்று அவள் புருஷனிடம் பொருமினாள்.

"அது கூடப் புரியலையா உனக்கு? எல்லாரையும் துரத்திட்டு, அடிமாட்டு விலைக்கு அவனே அமுக்கப் பாக்கறான்."

அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. தரகருக்குத் தெரியாமல் அவளே ஆள் தேடினாள். ஒரு இளம் ஜோடி கிடைத்தது. காலை வெயிலில் வீடு பளிச்சென்று இருந்தபோது கூட்டி வந்து காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு நிறைமாசம். பின்கட்டு அறையில் நின்று, தொட்டிலை எங்கே போடலாம் என்று கையால் காற்றில் அளந்து பார்த்தாள்.

"சாயங்காலத்துல எப்படி இருக்கும்க்கா? இவர் வேலை முடிஞ்சு வர ராத்திரி ஆயிடும். நான் தனியாத்தான் இருக்கணும்."

வீட்டுக்காரி அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தாள்.

"ரொம்ப அமைதியா இருக்கும்மா."

மறுநாளே முன்பணம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் தரகர் தனியாக வந்து நின்றார்.

"காலையில நீ வீடு காட்டின பையன், இந்தப் பக்கத்துத் தரகர்னு நேரா என்கிட்டயே வந்து வீட்டைப் பத்தி விசாரிச்சான். வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். வயித்துப் பிள்ளைக்காரியை இங்க கொண்டாந்து உட்கார வைக்கப் பாத்தியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அவளுக்கு உள்ளூரச் சுருக்கென்றது. ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டது.

"இந்த வீட்டுல என்னால இன்னொரு சாயங்காலம் இருக்க முடியாது. வர்றவங்களை எல்லாம் துரத்திட்டா வேற யார் வாங்குவா? நீங்க வாங்குவீங்களா?"

"வாங்கறேன்."

புருஷன் சொன்னது சரியாகப் போயிற்று என்று நினைத்தாள். எவ்வளவு குறைத்துக் கேட்கப் போகிறீர்கள் என்று இடக்காகக் கேட்டாள். அவர் விலையைச் சொன்னார். அவள் முதல் நாள் கேட்ட அதே விலை. ஒரு காசு குறைக்கவில்லை.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

"எல்லாம் தெரிஞ்சுமா இந்த வீட்டைக் கேக்கறீங்க?"

அவர் சாப்பாட்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். கையை உயர்த்தி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

கேட் திறந்தது. காலடி நடையைக் கடந்து உள்ளே வந்தது. சாவிக்கொத்து விழுந்தது. அவருக்கு எதிரே இருந்த நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பெருமூச்சு அவ்வளவு பக்கத்தில் கேட்டதும் வீட்டுக்காரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

தரகர் காலியான அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் கடுகடு என்றிருக்கும் அந்த முகம் இளகிக் கிடந்தது.

"என் சம்சாரம் போனதுக்கப்புறம்," என்றார் தணிந்த குரலில், "பொழுது சாஞ்சா என் வீட்டுக்கு யாருமே வர்றதில்லைம்மா."